விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெரி பை: எஸ்எஸ்எச் எதில் தயாராக இருக்கிறது, எதில் நாம் திறந்துவிட வேண்டும்?

கேள்வி: "அலுவலகத்தில் ஒரு உபுண்டு சர்வர், வீட்டில் என் விண்டோஸ் 11 லேப்டாப், மனைவியின் மேக், அலமாரியில் சும்மா கிடக்கும் ஒரு ராஸ்பெரி பை. எங்கிருந்தாலும் இவை எல்லாவற்றுக்குள்ளும் பாதுகாப்பாக லாகின் செய்ய வேண்டும். எதில் எஸ்எஸ்எச் ஏற்கெனவே இருக்கிறது, எதில் புதிதாகப் போட வேண்டும்? புட்டி இன்னும் தேவையா? போனிலிருந்து முடியுமா?"

எஸ்எஸ்எச் என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாதுகாப்பாகப் போய்க் கட்டளை தட்டும் வழி. "என் கணினியில் எஸ்எஸ்எச் இருக்கிறதா" என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதிலிருந்து இன்னொரு கணினிக்குள் போக முடியுமா என்பது ஒன்று. இன்னொரு கணினியிலிருந்து இதற்குள் வர முடியுமா என்பது மற்றொன்று. போவதற்கான நிரல் கிளையண்ட், வரவிடும் நிரல் சர்வர். கிளையண்ட் நீங்கள் சொன்ன நான்கிலும் இன்று தயாராகவே இருக்கிறது. சர்வர்தான் ஆளுக்கொரு மாதிரி. உபுண்டு டெஸ்க்டாப்பில் அது இல்லவே இல்லை. மேக்கில் இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. விண்டோஸில் கேட்டு வாங்க வேண்டும். ராஸ்பெரி பையில் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். "நான் எஸ்எஸ்எச் போட்டுவிட்டேன், ஆனாலும் வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள் பெரும்பாலும் கிளையண்ட்டைப் போட்டுவிட்டு சர்வரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

கட்டளைப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

நான்கு கணினிக்கும் நான்கு விதமாகப் படிக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். நான்கிலும் ஓடுவது ஒரே நிரல், ஓப்பன்எஸ்எஸ்எச். அதன் முன்கதை சின்னது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ புகுந்து கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அப்போது எல்லோரும் பயன்படுத்திய டெல்நெட், ஆர்லாகின் இரண்டும் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்பும். அந்தத் திருட்டைப் பார்த்த ததூ உலொனென் என்பவர் எழுதியதுதான் முதல் எஸ்எஸ்எச். ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் ஒரு கதவு எண் உண்டு, போர்ட் என்பார்கள். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 காலியாக இருந்தது. அவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். பின்னால் அவருடைய நிரலின் உரிமம் இறுக்கமானது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் பழைய சுதந்திரப் பதிப்பிலிருந்து கிளை பிரித்து, 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 2.6உடன் தங்களுடையதை வெளியிட்டார்கள். உங்கள் மனைவியின் மேக்கிலும் அலுவலகச் சர்வரிலும் இருப்பது அதன் வாரிசுதான்.

விண்டோஸைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சிக்கல் அங்கேதான் அதிகம். 2018 வரை விண்டோஸில் எஸ்எஸ்எச் தானாக வந்ததில்லை. அந்த வெற்றிடத்தைச் சைமன் டாதம் எழுதிய புட்டி நிரப்பியது. கல்லூரி ஆய்வகத்தில் கறுப்புத் திரையோடு முதல் அறிமுகம் பலருக்கும் அதன் வழியாகத்தான். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து கிளையண்ட் கூடவே வருகிறது. பவர்ஷெல்லைத் திறந்து எஸ்எஸ்எச், ஒரு இடைவெளி, பயனர்பெயர், அட் குறி, சர்வரின் முகவரி என்று தட்டினால் போதும். ஆகவே புட்டி தேவையில்லை. பழைய ஸ்விட்சுகளோடு சீரியல் கேபிளில் பேசுகிறவர்களுக்கு இன்னும் அது வேண்டியிருக்கும். வைத்திருந்தால் 0.81 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவி என்ற கோப்பைக் காட்டியும் எஸ்எஸ்எச்சில் நுழையலாம், அதைக் கீழே சொல்கிறேன். 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் பி-521 வகைச் சாவியால் போட்ட அறுபது கையெழுத்துகள் கிடைத்தால் தனிச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று 2024இல் தெரியவந்தது. தேடும்போது மேலே விளம்பரமாக வரும் இணைப்பிலிருந்து புட்டியை இறக்கவே இறக்காதீர்கள். அப்படி நச்சு நிரல் சேர்த்த போலிகள் உலவியிருக்கின்றன.

விண்டோஸுக்குள் வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததோடு அது ஓடத் தொடங்காது. சர்வீசஸ் பட்டியலில் ஓப்பன்எஸ்எஸ்எச் எஸ்எஸ்எச் சர்வரைக் கண்டுபிடித்து, தொடங்கும் வகையை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, ஸ்டார்ட் கொடுங்கள். ஃபயர்வால் விதியை அதுவே போட்டுக்கொள்ளும். ஆனால் உங்கள் வைஃபை "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் அந்த விதி உதவாமல் போகலாம், வீட்டு வைஃபையைப் "பிரைவேட்" ஆக மாற்றிவிட்டுப் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப் சர்வராக இருக்க ப்ரோ பதிப்பு வேண்டும், இதற்கு ஹோம் பதிப்பே போதும்.

இனி வரும் மூன்றும் ஆட்களை மணிக்கணக்கில் உட்காரவைக்கும். ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கில் பின் எண் போட்டு லாகின் செய்பவர்கள் அந்த எண்ணை எஸ்எஸ்எச்சில் கொடுத்துப் பார்ப்பார்கள். பின் எண் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், இங்கே கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். இரண்டு, பயனர்பெயர் உங்கள் முழு மின்னஞ்சலாக இருக்க வேண்டியதில்லை. பவர்ஷெல்லில் ஹூஅமை என்று தட்டினால் கணினியின் பெயரும், சாய்கோட்டுக்குப் பின்னால் பயனர்பெயரும் வரும். மூன்றாவதுதான் பெரிய தலைவலி. லினக்ஸில் செய்த பழக்கத்தில் உங்கள் பொதுச்சாவியைச் சொந்த ஃபோல்டரின் ஆதரைஸ்டு-கீஸ் கோப்பில் போடுவீர்கள். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருந்தால் விண்டோஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சொந்த லேப்டாப்பில் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டர்தானே! சாவியை ப்ரோகிராம்-டேட்டா ஃபோல்டருக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்-ஆதரைஸ்டு-கீஸ் என்ற கோப்பில் போட வேண்டும். அந்தக் கோப்பைத் தொடும் உரிமை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டுக்கு மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு பெயர் அங்கே இருந்தால் சாவி செல்லாமல் போகலாம்.

மேக்கில் ஒரே ஒரு பொத்தான். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷேரிங், அங்கே ரிமோட் லாகின். யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலில் "எல்லோரும்" என்பதை எடுத்துவிட்டுத் தேவையான ஒரு பயனரை மட்டும் வையுங்கள். உள்ளே போனபின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைப் பார்க்க அனுமதி இல்லை என்று வந்தால், அதே இடத்தில் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு முழு வட்டு அணுக்கம் கொடுக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. தூங்கும் மேக் கதவைத் திறக்காது என்பது பலருக்கு உறைப்பதில்லை. வட்டைக் குறியாக்கிப் பூட்டும் ஃபைல்வால்ட் போட்டிருந்தால், மின்சாரம் போய் மறுபடி எழுந்ததும் யாராவது நேரில் கடவுச்சொல் தட்டும் வரை வட்டு பூட்டியே கிடக்கும். மேக்கின் டாஹோ பதிப்பில்தான் எஸ்எஸ்எச் வழியாகவே அதைத் திறக்கும் வசதி வந்தது.

உபுண்டு சர்வர் பதிப்பை நிறுவும்போதே ஓப்பன்எஸ்எஸ்எச் வேண்டுமா என்று கேட்கும், அலுவலகத்தில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஆமென்று சொல்லியிருப்பார். இல்லையென்றால் ஏபிடி இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர். டெபியன், உபுண்டுவில் அந்தச் சேவையின் பெயர் எஸ்எஸ்எச். ஃபெடோரா, ரெட்ஹாட் பக்கம் போனால் அதே சேவைக்கு எஸ்எஸ்எச்டி என்று பெயர், கடைசியில் ஒரு டி (d) சேரும். ரெட்ஹாட் வகையறாவில் போர்ட்டை மாற்றினால் அதன் பாதுகாப்புக் காவலரான எஸ்இலினக்ஸிடமும் சொல்ல வேண்டும். உபுண்டு 24.04இல் போர்ட்டை மாற்றினால் எஸ்எஸ்எச் சாக்கெட்டையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும், காதைக் கொடுத்துக்கொண்டிருப்பது அதுதான். என்னைக் கேட்டால் 22ஐ மாற்றவே வேண்டாம். லாகில் வரும் குப்பை குறையும், அவ்வளவுதான். போர்ட் எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது யாருக்கும் கஷ்டமில்லை.

ராஸ்பெரி பையில் ஒரு காலத்தில் எஸ்எஸ்எச் திறந்தே இருந்தது, எல்லாப் பையிலும் பயனர் பை, கடவுச்சொல் ராஸ்பெரி. இணையத்தில் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2016 நவம்பரில் எஸ்எஸ்எச்சை மூடினார்கள், 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனரையும் எடுத்துவிட்டார்கள். அலமாரியில் கிடக்கும் உங்கள் பையில் பழைய எஸ்டி கார்டு இருந்தால் அதை அப்படியே நெட்வொர்க்கில் மாட்டாதீர்கள். ராஸ்பெரி பை இமேஜர் நிரலால் கார்டைப் புதிதாக எழுதும்போதே பயனர்பெயர், வைஃபை, பொதுச்சாவி எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். மானிட்டர், கீபோர்ட் எதுவும் மாட்டாமல் முதல் தடவையே உள்ளே போய்விடுவீர்கள்.

ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, நிறுவும்போதே கேட்டுவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர்களில் இருப்பது மட்டும் வேறு நிரல். ட்ராப்பேர் என்று பெயர், சின்ன நினைவகத்துக்காக எழுதியது, அதே நெறிமுறையைப் பேசும்.

இனிச் சாவி. கடவுச்சொல்லோடு எஸ்எஸ்எச்சை விட்டுவைப்பவர்கள் ஒரு தடவை சர்வரின் லாகைத் திறந்து பார்க்க வேண்டும். பொது முகவரி கிடைத்த சிறிது நேரத்துக்குள் ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயர் பெயராகத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் வந்துவிடும். சாவி இருந்தால் அவை எவ்வளவு தட்டினாலும் கவலையில்லை. எஸ்எஸ்எச்-கீஜென் என்று தட்டுங்கள். 2023 அக்டோபரில் வந்த 9.5 பதிப்பிலிருந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது ஈடி25519 வகைச் சாவியைத்தான் உருவாக்கும். பழைய பதிப்பென்றால் கழித்தல் டி (t) என்ற கொடியோடு அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். டிஎஸ்ஏ சாவி இன்னும் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம், 2025இல் வந்த 10.0 பதிப்பில் அதற்கான நிரல்பகுதியே நீக்கப்பட்டுவிட்டது. ஆர்எஸ்ஏ சாவி செல்லும். ஆனால் பழைய ஷா-1 கையெழுத்து முறையை 2021 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச் தானாக ஏற்பதில்லை. பழைய ரவுட்டர்களோடும் சேமிப்பகப் பெட்டிகளோடும் திடீரென்று பேச முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இரண்டு கோப்புகள் கிடைக்கும். பப் என்று முடிவது பொதுச்சாவி, அதை யாருக்கும் கொடுக்கலாம். மற்றது தனிச்சாவி, உருவான கணினியை விட்டு அது வெளியே போகவே கூடாது. நான்கு கணினி என்றால் நான்கு சாவி உருவாக்குங்கள். ஒரே சாவியைப் பென்டிரைவில் சுமந்து நான்கிலும் போட்டால், ஒரு லேப்டாப் தொலைந்த அன்று நான்கையும் மாற்ற வேண்டும். சாவிக்கு ஒரு கடவுத்தொடர் கேட்கும், வெறுமனே என்டர் தட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் தட்டச் சலிப்பாக இருந்தால் ஏஜென்ட் இருக்கிறது. மேக்கில் அது தானாக ஓடும். விண்டோஸில் ஓப்பன்எஸ்எஸ்எச் ஆதென்டிகேஷன் ஏஜென்ட் என்ற சேவையை நீங்களே எழுப்ப வேண்டும்.

பொதுச்சாவியைச் சர்வருக்கு அனுப்ப மேக்கிலும் லினக்ஸிலும் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி உண்டு. விண்டோஸில் கிடையாது, சர்வருக்குள் கடவுச்சொல்லோடு ஒரு தடவை போய், ஆதரைஸ்டு-கீஸ் கோப்பின் கடைசியில் கையால் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஒரே வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என்று அனுமதி இருக்கட்டும். உங்கள் ஹோம் அடைவையே மற்றவர்கள் எழுதும்படி விட்டிருந்தாலும் சர்வர் சாவியை நிராகரிக்கும், ஏன் என்று உங்களிடம் சொல்லாது. காரணம் சர்வர் பக்க லாகில்தான் இருக்கும்.

முதல் தடவை இணையும்போது சர்வரின் கைரேகையைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு யெஸ் தட்டுகிறோம், நானும்தான். வீட்டுக்குள் பரவாயில்லை. அலுவலகச் சர்வருக்கு வெளியிலிருந்து போகும்போது, நேரில் போன ஒரு நாளில் கைரேகையைக் குறித்துவைத்து ஒப்பிடுங்கள். பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், சர்வரை யாராவது புதிதாக நிறுவினார்களா என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் பழைய பதிவை அழித்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு கடவுச்சொல் வழியை மூட வேண்டும். உபுண்டுவில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்எஸ்எச்டி-கான்ஃபிக் கோப்பின் கடைசியில் பாஸ்வேர்ட்-ஆதென்டிகேஷன் நோ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. இந்தக் கோப்பில் முதலில் வந்ததுதான் செல்லும், பின்னால் வருவது செல்லாது. கோப்பின் தலையிலேயே இன்னொரு அடைவிலுள்ள துணைக் கோப்புகளைச் சேர்க்கச் சொல்லும் வரி இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் சிலவற்றில் அந்த அடைவில் 50-கிளவுட்-இனிட் என்ற கோப்பு உட்கார்ந்துகொண்டு யெஸ் என்று சொல்லியிருக்கும். நீங்கள் கீழே எழுதிய நோவை யாரும் படிப்பதே இல்லை. ஆகவே எழுதியதை நம்பாமல் நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு எஸ்எஸ்எச்டி, கழித்தல் குறி, பெரிய டி (T) என்று தட்டிப் பாருங்கள், உண்மையில் நடப்பில் இருக்கும் அமைப்புகள் எல்லாம் வரிசையாக வரும். அதே கட்டளையில் சிறிய டி (t) போட்டால் கோப்பில் பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். சேவையை மறுதொடக்கம் செய்யும் முன் அதை ஓட்டிவிடுங்கள்.

மாற்றும்போது இருக்கும் இணைப்பை மூடாதீர்கள், இன்னொரு டெர்மினலில் புதிதாக இணைந்து பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது இரவு பஸ்ஸில். வேறு ஊர்க் கிளையிலிருந்த ஒரு சர்வரில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கினேன். எஸ்எஸ்எச் இணைப்பு பாதிக்கப்படலாம், தொடரவா என்று அது மரியாதையாகக் கேட்டது. ஒய் தட்டினேன். ஏற்கெனவே இருந்த இணைப்பு அறுந்துபோகவில்லை, அதனால் எல்லாம் சரியென்று நினைத்து வெளியேறிவிட்டேன். மறுபடி உள்ளே போக முடியவில்லை. 22ஐ அனுமதிக்கும் ஒரு வரியை எழுத மறந்ததற்காக ஆறு மணி நேரப் பயணம். காலையில் காவலாளி சர்வர் அலமாரியின் சாவியைக் கொடுத்துவிட்டு, "எல்லாத்தையும் அங்கேர்ந்தே செஞ்சிடலாம்னு சொன்னீங்களே சார்" என்றார்.

இணைப்பு கிடைக்காதபோது வரும் செய்தியை நின்று படியுங்கள். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் பெரும்பாலும் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் சர்வர் ஓடவில்லை. "டைம்டு அவுட்" என்றால் உங்கள் தட்டல் அங்கே போய்ச் சேரவே இல்லை, ஃபயர்வால், தவறான முகவரி, அல்லது தூங்கும் மேக். "பர்மிஷன் டினைடு" என்றால் கதவு வரை போய்விட்டீர்கள், சாவிதான் பொருந்தவில்லை. எஸ்எஸ்எச்சுக்குப் பின் கழித்தல் வி போட்டால் எந்தச் சாவியை நீட்டியது, எது மறுக்கப்பட்டது என்று வரிவரியாகச் சொல்லும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். அண்மையில் இரண்டு பெரிய அதிர்ச்சிகள், இரண்டும் 2024இல். மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ பின்கதவு ஒன்றைப் புதைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததில் அகப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எச் தன்னளவில் எக்ஸ்இசட்டைத் தொடுவதில்லை. சில லினக்ஸ் தொகுப்புகள் லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்காகச் சேர்த்த ஒட்டு வழியாகத்தான் அது உள்ளே வந்தது. ஜூலையில் வந்தது ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சொந்தப் பிழை. 8.5 முதல் 9.7 வரை லினக்ஸில் பாதிக்கப்பட்டது, 9.8இல் சரிசெய்தார்கள். அலுவலகச் சர்வரில் பதிப்பு எண் பழையதாகத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். உபுண்டு பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே செலுத்தும். ஏபிடியில் அப்டேட், அப்கிரேட் இரண்டும் ஒழுங்காக நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"எங்கிருந்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு எஸ்எஸ்எச் மட்டும் போதாது. பல வீட்டு இணைய இணைப்புகளில் ஐபிவி4 பொது முகவரி உங்களுக்கென்று தனியாகக் கிடைப்பதில்லை, ஒரு முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. ரவுட்டரில் எவ்வளவு போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் உங்கள் நிலைமை இதுதான். உங்கள் கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னை நான்கிலும் போட்டு, எஸ்எஸ்எச்சை அதற்குள் மட்டும் ஓட்டுங்கள். பொது முகவரி கிடைத்திருந்தாலும் இதையே சொல்வேன், வீட்டு லேப்டாப்பின் 22ஐ இணையம் முழுவதற்கும் காட்ட எந்த அவசியமும் இல்லை. அலுவலகச் சர்வருக்கு மட்டும் அங்கே பொறுப்பில் இருப்பவரைக் கேட்காமல் எதையும் போட்டுவிடாதீர்கள், அங்கே விபிஎன் ஏற்கெனவே இருக்கலாம்.

போனிலிருந்து தாராளமாக முடியும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸைப் போட்டு, பிகேஜி இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்எச் என்றால் கணினியில் தட்டிய அதே கட்டளைகள் அங்கேயும். போனையே சர்வராக்கலாம், ரூட் இல்லாமல் 1024க்குக் கீழே போர்ட் திறக்க முடியாது என்பதால் அது 8022இல் காத்திருக்கும். ஐபோனில் டெர்மியஸ், பிளிங்க் போன்ற செயலிகள் உண்டு, போவதற்கு மட்டும். போனுக்கும் தனியாக ஒரு சாவி உருவாக்கிக்கொள்ளுங்கள், நான்கும் ஐந்தாகும். ஆதரைஸ்டு-கீஸ் கோப்பில் ஒவ்வொரு சாவியின் வால்பக்கத்திலும் எது எந்தக் கருவி என்று ஒரு பெயர் எழுதிவையுங்கள். பஸ்ஸில் போன் தொலைந்தால் எந்த வரியை அழிப்பது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது.